கோயம்புத்தூர் மாநாடும் ராஜாமணியின் பேட்ஜும்

போன மாதம் எங்கள் பழைய செக்‌ஷனிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். ஏதோ மாநாட்டுக்காக விமானத்தில் போகிறார்களாம். பெட்டி தவறி வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரே கவலை. "உங்க காலத்துல எல்லாம் எப்படி சார் போனீங்க? டிராவல்ல நடந்த காமெடி ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்களேன். புதுசா வந்த பசங்க படிப்பாங்க" என்றார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். சொல்லிவிட்டுப் போவது சுலபம். எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, என்னிடம் இருப்பது ஒரே ஒரு மாநாட்டுப் பயணம் என்று. காமெடி அதில் பாதி வழி வரைக்கும்தான் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சேவியர். பண்ருட்டிப் பக்கம். கடலூரில் ஐ.டி.ஐ. முடித்தேன், நெய்வேலியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன், எண்ணெய் டப்பாவும் ஸ்பானருமாக மூன்று வருடம் திரிந்தேன், பிறகு பெர்மனென்ட் ஆனேன். சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷன். மண்ணை வெட்டி அள்ளும் பெரிய இயந்திரங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், படம் பிடிப்பார்கள். வெட்டிய மண்ணைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போகிற ரப்பர் பெல்ட்டை யாரும் படம் பிடித்ததில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் அந்த பெல்ட்டோடு மல்லுக்கட்டி, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனேன்.

மல்லுக்கட்டு எதில் என்றால் களிமண்ணில். மழை பிடித்துவிட்டால் எங்கள் மண் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும். கொட்ட வேண்டிய இடத்தில் பாதி கொட்டும்; மீதி ஒட்டிக்கொண்டே திரும்பி வந்து வழி நெடுக பெல்ட்டுக்கு அடியில் விழும். விழுந்தது குவிந்து உருளைகளை மூடும். பெல்ட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றுவிடும். உடனே கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். ஒட்டிய மண்ணை வழிக்க இரும்புத் தகடு ஒன்று வைத்திருந்தார்கள், அதற்கு ஸ்கிரேப்பர் என்று பெயர். இறுக்கி வைத்தால் அது பெல்ட்டைச் சீவும், தளர்த்தி வைத்தால் மண்ணைத் தடவிக் கொடுக்கும். அடியில் விழும் மண்ணை அள்ளுவதற்கென்றே கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தார்கள். ஷிஃப்ட் முழுக்கக் குனிந்தபடி மண்வெட்டி போடுவார்கள்.

கலியபெருமாள் அவர்களில் ஒருவர். கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமம். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தக் காலத்தில் நான் அவரை "கலியா, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். பெர்மனென்ட் ஆட்கள் கான்ட்ராக்ட் ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவோம், அதில் ஒரு தப்பும் அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குள் போயிருந்தது. நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் அவர் பெயரும் இருந்தது. பட்டியல் நகர்கிற வேகத்தில்தான் கோளாறு. வயது வரம்பைத் தாண்டுவதற்குள் இன்டர்வியூ வர வேண்டும், இன்டர்வியூவில் இவனுக்கு மண்ணள்ளுவது தவிர வேறு வேலையும் தெரியும் என்று காட்ட ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். அவரிடம் மண்வெட்டிதான் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவர் என்னிடம் வந்து நின்றார். "சார், நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே? இந்த இரும்ப எடுத்துட்டு, கழிச்சுப் போட்ட பழைய பெல்ட்டுலேந்தே ரெண்டு வெரக்கட மொத்தத்துல ஒரு துண்டு வெட்டி வெச்சிப் பாக்கலாங்களா? நேரா வெக்கக் கூடாது. ஒரு பக்கம் நாலு வெரக்கட முன்ன, ஒரு பக்கம் பின்ன. நான் கீழேருந்து தெனம் பாத்துகினுதான இருக்கேன், மண்ணு எந்தப் பக்கம் வழுவுதுன்னு."

நான் திட்டவில்லை. அதை ஒரு பெருமையாக இத்தனை காலம் மனதில் வைத்திருந்தேன். பெல்ட்டை நிறுத்த முறைப்படி அனுமதி வாங்கி, எங்கள் வெல்டர் ரஹீம் பாயிடம் ஒரு சட்டம் செய்யச் சொல்லி, ரப்பர் துண்டைச் சாய்வாக மாட்டினோம். தானாக அழுத்திக்கொண்டிருக்க ஒரு தேய்ந்த பேரிங்கைக் கட்டித் தொங்கவிட்டதும் கலியபெருமாள் யோசனைதான். அந்த பெல்ட்டுக்கு அடியில் விழுகிற மண் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. மண்ணின் ஈரத்துக்குத் தகுந்தபடி அந்தச் சாய்வை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். எவ்வளவு மாற்றுவது என்பது அவருக்குத்தான் தெரியும். மண்ணை விரலில் உருட்டிப் பார்ப்பார், போய் மாற்றுவார்.

எங்கள் டிவிஷனல் இன்ஜினியர் மகாலிங்கம் சார் காதுக்கு விஷயம் போனது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயராது. மதியம் தயிர்சாதத்தைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். சாதாரண நேரத்தில் எங்களை "என்னப்பா, வாப்பா" என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "வாங்க" என்றால் ஏதோ சரியில்லை. "உட்காருங்க" என்றால் மெமோ. அவர் அறையில் நாற்காலி கிடைத்த நாளெல்லாம் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது.

அப்போது குவாலிட்டி சர்க்கிள் என்று எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒரே பேச்சு. ஒரே செக்‌ஷனில் வேலை செய்கிற நாலைந்து பேர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, காரணத்தை மீன் முள் மாதிரி படம் போட்டு, தீர்வு கண்டுபிடிக்க வேண்டும். நல்ல தீர்வாக இருந்தால் மாநாட்டுக்கு அனுப்புவார்கள். சார் எங்கள் ஸ்கிரேப்பரைக் கோயம்புத்தூர் மாநாட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார். ஐந்து பேர் குழு. நான், ரஹீம் பாய், ஃபிட்டர் ராஜாமணி, இன்னும் இரண்டு பேர். பாரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக டோக்கன் நம்பர் எழுத வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கு டோக்கன் நம்பர் கிடையாது. அதனால் ஐந்து பெயரில் கலியபெருமாள் பெயர் இல்லை.

நான் சாரிடம் கேட்கத்தான் செய்தேன். "யோசனை அவனோடது சார்."

"பாரத்துல எடம் இல்லியேப்பா" என்றார். "மாடலத் தூக்கிக்கிட்டு ஒரு ஆள் வேணும்ல, அதுக்குக் கூட்டிட்டுப் போ. ஊரைப் பாத்த மாதிரியும் இருக்கும்." கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த மூன்று நாளும் கலியபெருமாள் வழக்கம்போல பெல்ட்டில் வேலைக்கு வந்ததாகவே வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு. எல்லோருக்கும் அது ஓர் உதவியாகத்தான் தெரிந்தது, கலியபெருமாளுக்கும்.

ஒத்திகை ஒரு மாதம் நடந்தது. பதினைந்து நிமிடம்தான் பேசலாம். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிற்பார். நான் ஒரு வாக்கியத்தில் இரண்டு தடவை "வந்து" சொன்னால், "எங்கேருந்து வந்து?" என்பார். கண்ணாடித் தாள்களில் கலர் பேனாவால் படங்கள் எழுதி வைத்தோம். அதை ஒரு விளக்குப் பெட்டிமேல் வைத்தால் சுவரில் பெரிதாக விழும், அப்போது அதுதான் நாகரிகம். ரஹீம் பாய் கையால் சுற்றுகிற குட்டி கன்வேயர் ஒன்று செய்தார். மேசை அளவு இருந்தது. அதில் தடவிக்காட்ட நம் ஊர்க் களிமண்ணை ஒரு பிஸ்கட் டின்னில் ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டோம்.

சார் முந்தின நாளே கோவை போய்விட்டார். நாங்கள் விடிகாலை பஸ் நிலையத்தில் கூடினோம். எல்லோரும் வந்துவிட்டார்கள், ராஜாமணியைத் தவிர. பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் அவர் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார். "ராஜாமணிக்கு அம்மை போட்டிருக்கு. வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. அவர எதிர்பாக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

பதிவு செய்த ஐந்து பேரும் மேடை ஏற வேண்டும், குறைந்தால் மதிப்பெண் குறையும் என்று விதிமுறைப் புத்தகத்தில் போட்டிருந்தது. என்ன செய்வதென்று யோசிக்க நேரமில்லை. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டோம். போகிற வழி வேறு வேலைகளை வைத்திருந்தது.

விருத்தாசலம் தாண்டும் வரை மாடலை யார் மடியில் வைப்பது என்று தகராறு. பிறகு கண்டக்டர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி மேலே ஏற்றிக் கட்டினார். கண்ணாடித் தாள் அடங்கிய ஃபைலை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. பத்திரமான இடமாகப் பார்த்து டிரைவர் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடிமேல் வைத்தேன். தட்டையாக இருந்தது, யாரும் மிதிக்க மாட்டார்கள், என் கண்ணெதிரே இருந்தது. இன்ஜின் சுடும் என்பது முப்பத்தைந்து வயது மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. சின்னசேலம் அருகே பஸ் பஞ்சரானபோது எல்லோரும் இறங்கினோம். ஃபைலை எடுத்துத் திறந்தேன். தாள்கள் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. ஒரு மாத உழைப்பு. மீன் முள் படம் நிஜமாகவே மீனாட்டம் வளைந்திருந்தது.

ரஹீம் பாய் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "சேவியரு, நீங்க செஞ்சதால சரியாப் போச்சு. நான் செஞ்சிருந்தா இந்நேரம் என்னைய உரிச்சிருப்பீங்க" என்றார். உண்மைதான்.

டயரை மாற்றுவதற்காக மேலே இருந்த சாமான்களில் கொஞ்சத்தைக் கீழே இறக்கினார்கள். திரும்ப ஏற்றியபோது பிஸ்கட் டின் ஏறவில்லை. ஆத்தூரில் டீக்கு நின்றபோதுதான் தெரிந்தது. நெய்வேலிக் களிமண் சின்னசேலத்துச் சாலையோரத்தில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறது. மாடல் இருக்கிறது, தடவ மண் இல்லை. பேச ஆள் ஒருவர் குறைவு. காட்டத் தாள் இல்லை. சேலத்தில் பஸ் மாறும்போது என் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. அதை ஒரு சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு கோவை பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் கிடைத்தபோது தூங்கக்கூட முடியாத களைப்பு.

கலியபெருமாள் மட்டும் உற்சாகமாக இருந்தார். சேலத்துக்கு அப்பால் அவர் போனதே இல்லையாம். "மண்ணப் பத்திக் கவலப்படாதீங்க சார். மண்ணில்லாத ஊரு எங்க இருக்குது?" என்றார்.

கோவையில் விடுதி அறையில் சாயங்காலம் புதுத் தாள்கள் வாங்கி வந்து நாங்கள் நால்வரும் மறுபடி எழுதினோம். மறுநாள் காலை நான் பல் தேய்ப்பதற்குள் கலியபெருமாள் ஒரு துண்டில் கறுப்பு மண்ணை முடிந்துகொண்டு வந்து நின்றார். மாநாடு நடக்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டியிருந்தார்களாம். "இது நம்ம மண்ணு மாதிரி இல்லீங்க சார். வுடாப்பிடியா ஒட்டுது. நம்ம சாய்வு இதுக்கு ஆவாது" என்று சொல்லி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மாடலின் ரப்பர் துண்டைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, ஒரு மணி நேரம் பார்த்தார். கடைசியில் பெல்ட் பளிச்சென்று திரும்பி வந்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பதிவு மேசையில் இருந்த பெண், "எத்தனை பேர் வந்திருக்கீங்க சார்?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். "அஞ்சு பேர்" என்றேன். ஐந்து பேட்ஜைக் கொடுத்தார். ராஜாமணி என்று எழுதியிருந்ததைக் கலியபெருமாள் சட்டையில் குத்தினேன். திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. முந்தின நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதில், இது ஒன்றாவது சரியாக அமைந்ததே என்றுதான் இருந்தது.

அரங்கத்து வாசலில் மகாலிங்கம் சார் நின்றிருந்தார். கலியபெருமாளின் நெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாங்க சேவியர்" என்றார். பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார். ராஜாமணிக்கு அம்மை போட்ட விவரத்தைச் சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இனிமே மாத்தினா இன்னும் அசிங்கம். அவர் வாயைத் தெறக்க வேணாம். மாடலை மட்டும் சுத்தட்டும்."

பதினைந்து நிமிடம் பேசி முடித்தோம். "வந்து" ஒரு தடவைகூட வரவில்லை. கலியபெருமாள் மாடலைச் சுற்றினார், மண் தடவினார், ரப்பர் வழித்துப் போட்டது. கேள்வி நேரம் வந்தது. நடுவர்களில் வயதான ஒருவர், ஏதோ மில்லில் பெரிய பொறுப்பில் இருந்தவர் என்று பின்னால் சொன்னார்கள், எழுந்து மேடைக்கே வந்தார். மண்ணைத் தொட்டார். "இது உங்க ஊர் மண் இல்லையே. கரிசல் மாதிரி இருக்கு. உங்க சாய்வு உங்க மண்ணுக்குன்னு சொன்னீங்க. இதுக்கு எப்படி வேலை செய்யுது?" என்று என்னைக் கேட்டார்.

ஒத்திகையில் அந்தக் கேள்வி இல்லை. மண்ணைப் பார்த்தபடி நின்ற கலியபெருமாள் தலையை நிமிர்த்தினார்.

"காலைல மாத்துனதுங்க. நம்ம மண்ணு கொழகொழன்னு இருக்கும், வழிச்சா போயிடும். இது இழுத்துப் புடிக்குதுங்க. அதுக்கு முன்பக்கத்த இன்னும் ரெண்டு வெரக்கட தள்ளிட்டு, தொங்குற கனத்தக் கொறச்சேன். அமுத்துனா இது இன்னும் அப்பிக்கினு நிக்கும். விட்டுக் குடுத்துகினே வழிக்கணுங்க."

நடுவர் இன்னும் கேட்டார். மழை வந்தால்? காய்ந்து போனால்? பெல்ட் பழசானால்? ஒவ்வொன்றுக்கும் கலியபெருமாள் மாடலைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னார். அரங்கத்தில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. நாங்கள் நால்வரும் பொம்மை மாதிரி நின்றோம். நடுவர் கடைசியில் குனிந்து பேட்ஜைப் படித்தார். "பிரமாதம், மிஸ்டர் ராஜாமணி" என்று கையைக் குலுக்கினார். கலியபெருமாள் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு. சிறந்த உறுப்பினர் என்று தனிப் பரிசு ஒன்று உண்டு. அது ராஜாமணிக்கு. பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் கலியபெருமாள் எழுந்து போய் வாங்கிக்கொண்டார். மகாலிங்கம் சார் எல்லோரையும்விட நீண்ட நேரம் கைதட்டினார். அப்போது எழுந்து போய் "ஐயா, இவர் பெயர் கலியபெருமாள்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பரிசு போயிருக்கும். சாருக்குத் தலைகுனிவு வந்திருக்கும். அந்த வரி மட்டும் அந்த மனிதருக்குக் கிடைத்திருக்கும். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒரு தொல்லையும் இல்லை. பஞ்சர் இல்லை, எல்லோருக்கும் சீட். சங்ககிரி தாண்டியதும் கலியபெருமாள் சான்றிதழை என்னிடம் நீட்டினார். "ராஜாமணி சாருகிட்ட குடுத்துடுங்க சார். எங்க வூட்டுல வெச்சா பசங்க கிழிச்சிடும்."

"கலியா, உனக்கு இன்டர்வியூ வரும்ல, அப்ப நான் வந்து சொல்றேன். மேடையில பேசுனது நீதான், யோசனை உன்னோடதுதான்னு என் கைப்பட எழுதியே குடுக்குறேன். இது சத்தியம்" என்றேன்.

"நீங்க சொன்னா போதுங்க சார்" என்றார். சேலம் வரை தூங்கினார்.

அம்மை இறங்கி வந்த ராஜாமணியின் கையில் சான்றிதழைக் கொடுத்தபோது அவர் கூசிப் போனார். வேண்டாம் என்றார். அதற்குள் மாநாட்டிலிருந்து நிறுவனத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்து, அது அவருடைய சர்வீஸ் ஃபைலுக்குள் போய்விட்டது. நோட்டீஸ் போர்டில் பெயர் போட்டார்கள். அவரும் போகப் போகப் பழகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துக் கலியபெருமாளுக்கு இன்டர்வியூ வந்தது. கேள்வி கேட்டவர்களிடம் கோயம்புத்தூர் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நல்ல முறையில்தான் விசாரித்தார்கள். மாநாட்டு மலரைப் பார்த்தால் அதில் ராஜாமணி பெயர் இருக்கிறது. சாட்சி யார் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் பர்சனல் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. குறிப்பிட்ட தேதிகளில் மேற்படி ஒப்பந்தத் தொழிலாளர் உங்களுடன் மாநாட்டுக்கு வந்து மேடையில் பேசினாரா? ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

தாளை எடுத்துக்கொண்டு மகாலிங்கம் சாரிடம் ஓடினேன். படித்தார். "உட்காருங்க சேவியர்" என்றார். ஆனால் இந்தத் தடவை அவர் முகத்தில் கோபம் இல்லை. அவருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. முதல் முறையாக அவரும் உட்கார்ந்தார். "உங்களுக்கு எது சரின்னு படுதோ எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்தவர் பெயரில் ஆளை ஏற்றியது யார் என்று கேட்பார்கள். அந்த மூன்று நாளும் கலியபெருமாள் சுரங்கத்தில் வேலை செய்ததாகப் பதிவேட்டில் இருக்கிறதே, அது எப்படி என்று கேட்பார்கள். எனக்கு சார்ஜ்ஷீட், ஃபோர்மேன் பதவி உயர்வு அம்போ. சாருக்குக் கடைசி நேரத்தில் விசாரணை. ராஜாமணிக்கு அவமானம். பயந்தேன். வேறு வார்த்தை போட்டு மூட விரும்பவில்லை, பயந்தேன். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவேடும் அதையே சொன்னது. காகிதத்தில் எல்லாம் பொருந்திப் போயிற்று.

இன்டர்வியூவில் தேறவில்லை என்று பதில் வந்து, அதற்கு மறுவாரம் கலியபெருமாள் பழைய கான்ட்ராக்ட் வேலைக்கே வந்தார். என்ன கேட்டாலும் சொல்ல நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், அதுவும் பதினைந்து நிமிடத்துக்கு. அவர் எப்போதும் போல, "இன்னிக்கு எந்த பெல்ட்டு சார்?" என்று கேட்டார். சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம், ஒரு மாதம், அதையே கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள் பகல் ஷிஃப்டில் பெரிய பெல்ட் நின்று நின்று ஓடியது. அடியில் மண் மலையாகக் குவிந்தது. கன்ட்ரோல் ரூம் போன் ஓயவில்லை. சாய்வை மாற்ற வேண்டும். நான் கீழே பார்த்துக் குரல் கொடுத்தேன். "கலியா, அந்த ஸ்கிரேப்பரைக் கொஞ்சம் பாரு."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்தது. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது ராஜாமணி சாரு போட்டதுங்க. அவரக் கூப்புட்டுக் கேளுங்க சார்."

ராஜாமணியைக் கூப்பிட்டேன். ரெயின்கோட்டோடு வந்தார். பெல்ட்டை நிறுத்தி, ஸ்பானரை வைத்துத் தளர்த்தி, ஏதோ ஒரு பக்கம் தள்ளி இறுக்கினார். ஓட விட்டோம். மண் இன்னும் அதிகமாக விழுந்தது. மறுபடி நிறுத்தி இன்னொரு பக்கம் தள்ளினார். அப்போதும் விழுந்தது. "அண்ணே, என்ன ஏன் இங்க கொண்டாந்து நிறுத்துறீங்க?" என்று என் காதருகே கேட்டார். சுற்றி நின்ற கான்ட்ராக்ட் ஆட்கள் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. கலியபெருமாள் அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வேலை அது மட்டும்தான்.

மூன்றாவது முறை ஓடவிட்ட பிறகு நான் சேற்றில் இறங்கி அவரிடம் போனேன். அன்றுதான் முதல் தடவையாக என் வாயில் அப்படி வந்தது.

"கலியபெருமாள், தப்பு பண்ணிட்டேங்க. வாங்க, இப்பவே ஆபீசுக்குப் போவோம். உண்மைய எழுதித் தர்றேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"போன மாசமே வயசு தாண்டிடுச்சிங்க சார்" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மண்ணு வுழுது."

தள்ளி நின்றேன்.